சீனியின் இடது காது

கூடை மேல கால் படாம உட்காருங்க சார். உள்ள ஒரு ஜீவன் இருக்கு. முயல்தான். கறிக்கு வளர்க்கறது இல்ல. முசிறியில பஸ் ஏறும்போது கண்டக்டரும் அதைத்தான் கேட்டாரு, எத்தனை கிலோ தேறும்னு. இது வீட்டு முயல். பேரு சீனி. வெள்ளை வெளேர்னு இருக்கறதால என் சம்சாரம் வெச்ச பேரு.

டாக்டரம்மா ஏதோ பண்ணைக்குப் போயிருக்காங்களாம், வர நேரமாகும்னு சொன்னாங்க. நீங்க மாட்டுக்கு வந்தீங்களா? மாடு வீட்ல நிக்குது, மருந்து மட்டும் வாங்கணுமா? அப்ப நிம்மதியா உட்காருங்க. எனக்கும் பேச்சுக்கு ஆள் ஆச்சு.

மூடியைத் திறக்கறேன், பாருங்க. தலை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு, தெரியுதா? நாம ஏதோ சொல்லி, அது சரியா விளங்காம மறுபடி கேக்கற மாதிரி இருக்கும். பார்க்கறவங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. இடது காதுக்குள்ள சீழ் வெச்சு, உள்காது வரைக்கும் போயிடுச்சு. நிக்க முடியாம உருண்டுக்கிட்டே கிடந்தது. இது பிழைக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் பிழைக்க வெச்சேன். பெருமைக்குச் சொல்லல. அப்படிப்பட்ட என்னைப் பார்த்துக் கல்நெஞ்சுக்காரன்னு என் பொண்ணு சொல்றா. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

நான் கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ஃபோர்மேன். கோதண்டம்னு கேட்டா எங்க பக்கம் இன்னும் தெரியும். கம்பத்து உச்சியில நிக்கறவனுக்குக் கீழ இருந்து நாம சொல்றது கேக்கணும் பாருங்க, அதுக்கு ஒரு குரல் வேணும். முப்பது வருஷத்துக்கு மேல அந்தக் குரல்ல பேசினவன் நான். வீட்லயும் அதே குரல்தான் வரும். வீட்டுக்கு ஒண்ணு ஆபீசுக்கு ஒண்ணுன்னு ரெண்டு குரலா வெச்சுக்க முடியும்? இது என் சம்சாரத்துக்குக் கடைசி வரைக்கும் புரியல. மங்கையர்க்கரசின்னு பேரு. நான் மங்கைன்னு கூப்பிடுவேன். கூப்பிட்டா திரும்ப மாட்டா. அதுதான் எங்க வீட்டுச் சண்டையே.

திரும்ப மாட்டான்னா, காதுல விழாது. இடது காது அவளுக்குப் போயிடுச்சு. ஆமா சார், அவளுக்கும் இடது காதுதான். நீங்க அப்படி என்னைப் பார்க்காதீங்க, ரெண்டும் வேற வேற கதை.

இந்த முயல் எங்க வீட்டுக்கு வந்தது எப்படின்னா, மாடியில ஒரு டீச்சரம்மா குடியிருந்தாங்க. தர்மபுரிக்கு மாத்தலாகிப் போகும்போது, அங்க கிடைச்சிருக்கற வீட்ல பிராணி வளர்க்க விடமாட்டாங்கன்னு இதை மங்கைகிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வீடெல்லாம் புழுக்கை போடும், ஒயரைக் கடிக்கும். ஒயரைக் கடிக்கறதுன்னா எனக்கு ஆகவே ஆகாது. அவ கேக்கல. அதுக்குன்னு பின்கட்டுல இடம் ஒதுக்கி, தீவனக் கடையில வேலிமசால் தழை வாங்கிப் போட்டு, எந்நேரமும் மடியில வெச்சுக்கிட்டு. அவளுக்குக் காது கேக்காது, இதுக்குப் பேச வராது, பொருத்தமான ஜோடிதான்னு நான் சொல்லுவேன். சும்மா தமாஷுக்கு. ஒரு தடவை சுபா, எங்க பொண்ணு, ஓசூர்ல இருந்து வந்திருந்தப்போ இதைக் கேட்டுட்டுத் தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டா. தமாஷைத் தமாஷா எடுத்துக்கத் தெரியாத குடும்பம்.

காது எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? அது நான் ரிட்டயர் ஆன வருஷம். ஐப்பசி மழை. அந்த மழையில ஆபீஸ்ல என்ன பாடு இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. மரம் விழும், கம்பம் சாயும், விடிஞ்சா போன், சாப்பிட உட்கார்ந்தா போன். அப்பதான் இவளுக்குச் சளி பிடிச்சு, காதுவலின்னா. நல்லெண்ணெயில பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுன்னு சொன்னேன். எங்க அம்மா அதைத்தான் செய்வாங்க. ரெண்டு நாள் கழிச்சு, ஏதோ வடியுதுன்னா. கெட்ட நீர் வெளிய வந்தா நல்லதுதானேன்னு சொன்னேன். தப்பா? எனக்கு என்ன டாக்டர் படிப்பா? தலை சுத்துதுன்னா. சாப்பிடாம இருந்தா சுத்தத்தான் செய்யும். அவ என்ன செஞ்சிருக்கணும்? வலி தாங்கலன்னு வாயைத் திறந்து சத்தமா சொல்லியிருக்கணும். முனகிக்கிட்டு, துணியை மடிச்சுக் காதுல வெச்சுக்கிட்டு, ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா எனக்கு எப்படித் தெரியும்? மனுஷி தானே, வாய் இருக்கு இல்ல?

அதுக்கு நடுவுல என் பிரிவு உபசார விழா. பெரிய அதிகாரி, எக்ஸிகியூடிவ் இன்ஜினியரே வந்திருந்தாரு. மாலை, சந்தன மாலை, பொன்னாடை. மேடையில எனக்குப் பக்கத்துல மங்கையை உட்கார வெச்சாங்க. அவரு குனிஞ்சு, உங்க வீட்டுக்காரரை இத்தனை வருஷம் நாங்க எடுத்துக்கிட்டோம், இனிமே உங்களுக்கே கொடுத்துட்டோம்மான்னு எவ்வளவு நயமா சொன்னாரு தெரியுமா. இவ எங்கேயோ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. மறுபடியும் சொன்னாரு. அப்பவும் அப்படியே. அவரு முகம் சுருங்கிப் போச்சு. எனக்கு அங்கேயே உயிர் போச்சு. அப்புறம் போட்டோவுக்கு எழுந்து நில்லுங்கன்னதும் எழுந்தவ, தடுமாறி என் பொன்னாடையைப் பிடிச்சு இழுத்து, அது கீழ விழுந்து, கூட்டத்துல யாரோ சிரிச்சான். ஒரு மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு நாள் மேடை ஏறறான். அந்த நாள் எனக்கு அப்படிப் போச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசல. ஏன், அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கே பேசல.

சுபா பொங்கலுக்கு வந்தவதான் திருச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. எலும்பு வரைக்கும் அரிச்சிருக்கு, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்கன்னு அங்க டாக்டர் கேட்டாராம். ஆபரேஷன் பண்ணாங்க. உசுருக்கு ஆபத்து இல்லாமப் பண்ணியாச்சு, கேக்கற சக்தி திரும்பாதுன்னுட்டாங்க. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்கன்னு டாக்டர் கேட்டது அம்மாவைத்தானே. சுபா என்னைக் கேட்ட மாதிரியே இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கா.

காது போனதோட நிக்கல. தலைசுத்தல் எப்ப வரும், எப்ப நிக்கும்னு தெரியாம ஆயிடுச்சு. நடக்கும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பா. வெள்ளைச் சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கை அழுக்கு, கூடத்துல இருந்து பாத்ரூம் வரைக்கும். புதுசா பெயின்ட் அடிச்ச வீடு. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வெச்சுக் கொடுங்கன்னா. டைல்ஸ் புதுசு சார். டிரில் போட்டா விரிசல் விட்டுடும். பார்த்து நடந்தா எதுக்குக் கைப்பிடி? ஒரு நாள் அங்க வழுக்கி விழுந்தா. மணிக்கட்டுல வீக்கம். நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன். அதையெல்லாம் சுபாகிட்ட சொல்ல மாட்டா.

சரி, அது போகட்டும். முயல் கதைக்கு வர்றேன்.

போன வருஷக் கடைசியில சுபாவுக்கு ரெண்டாவது பிரசவம். மங்கை ஓசூருக்குக் கிளம்பினா. கிளம்பும்போது என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு. சீனிக்கு வேளாவேளைக்குத் தண்ணி வையுங்க. எனக்கு இட்லி மாவு எங்க இருக்குன்னு சொல்லல. முயலுக்குத் தண்ணி. சரின்னேன். குழந்தை பிறந்துச்சு, பேத்தி. பேர் வெச்சாங்க, போய்ப் பார்த்துட்டு வந்தேன். இப்ப வருவா அப்ப வருவான்னு பார்க்கறேன், வரல. கேட்டா, குழந்தைக்கு உடம்பு சரியில்ல, சுபா வேலைக்குப் போகணும்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றா. நானே சமைச்சுச் சாப்பிட்டேன். முயலுக்கும் போட்டேன். கடனேன்னுதான் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலையில வேலிமசால் கட்டை எடுத்துக்கிட்டுப் பின்கட்டுக்குப் போறேன், இது எழுந்து வரல. எப்பவும் முன்காலைத் தூக்கி நிக்கும். மூலையில ஒடுங்கி உட்கார்ந்திருக்கு. தலை சாய்ஞ்சிருக்கு. பக்கத்துல போய்த் தொட்டேன். தொட்டதும் உருள ஆரம்பிச்சுச்சு. நம்ம பிள்ளைங்க பந்தை உருட்டி விட்ட மாதிரி. ஒரே பக்கமா, சுவத்துல போய் மோதி நிக்கற வரைக்கும். கண்ணு ரெண்டும் இப்படியும் அப்படியும் ஆடுது. காதுகிட்ட மூக்கை வெச்சா ஒரு நாத்தம். அன்னைக்கே துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி இங்க வந்துட்டேன். ஒரு மணி நேரம் தாமதிக்கல.

இந்த டாக்டரம்மா சின்ன வயசுதான். ஆனா பொறுமை. காதுக்குள்ள விளக்கடிச்சுப் பார்த்துட்டு என்கிட்ட சொன்னாங்க. ஐயா, இது ரொம்ப நாளா வலியோட இருந்திருக்கு. முயலுக்கு வலிச்சா கத்தாது. ஒரு மூலையில போய் ஒடுங்கிக்கும், சாப்பாட்டைக் குறைச்சுக்கும். பக்கத்துல இருக்கறவங்கதான் அது முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்னாங்க. அதைக் கேட்டதும் இதைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன் சார். வாயில்லா ஜீவன் எவ்வளவு நாள் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு, நான் கவனிக்கலயேன்னு. அன்னையில இருந்து அது முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். மூக்கு ஆடற வேகத்தை வெச்சே இன்னைக்கு வலி கூடவா குறைவான்னு சொல்லிடுவேன்.

வீட்ல பார்த்துக்க ஆள் இருக்காங்களான்னு கேட்டாங்க. நான் இருக்கேன்னேன். கஷ்டம் ஐயான்னாங்க. பரவாயில்லன்னேன்.

என்னென்ன செஞ்சேன்னு சொல்லட்டுமா? சொட்டு மருந்தைச் சில்லுன்னு விடக்கூடாது, காதுக்குள்ள குளிர்ச்சி பட்டா தலைசுத்தல் அதிகமாகும். அதனால குப்பியை உள்ளங்கையில மூடி வெச்சுச் சூடு ஏத்தித்தான் விடுவேன். துண்டுல குழந்தையைச் சுத்தற மாதிரி சுத்தணும், பின்னங்காலைத் தாங்கிப் பிடிக்கணும், இல்லன்னா உதைக்கற வேகத்துல அதுவே முதுகெலும்பை முறிச்சுக்கும். வெளிய வர்ற அழுக்கைப் பஞ்சுல ஒத்தி எடுக்கணும், உள்ள விட்டுத் துழாவக்கூடாது. அது சாப்பிடாம இருந்தா குடல் நின்னுபோய்ச் செத்துடுமாம். கொத்தமல்லியையும் அருகம்புல்லையும் அரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல உறிஞ்சி, வாய் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுவேன். அவசரப்பட்டா புரை ஏறிடும். ஒரு வாய் முழுங்கற வரைக்கும் காத்திருக்கணும். நான் சொன்னா நம்புவீங்களா, காத்திருந்தேன். சட்டையெல்லாம் பச்சைக் கறை.

குரலைக் குறைச்சுக்கிட்டேன். ஆமா சார். நோய்ப்பட்ட காது பக்கமா நின்னு கூப்பிட்டா, சத்தம் எங்க இருந்து வருதுன்னு அதுக்குத் தெரியாது, திடுக்கிட்டு உருண்டுடும். அதனால நல்ல காது பக்கமா சுத்தி வந்து, முதல்ல கண்ணுல படற மாதிரி நின்னு, அப்புறம் மெதுவா, சீனின்னு. எங்க தெருக்காரங்க கேட்டாங்க, என்ன கோதண்டம் சார், தொண்டை கட்டிக்கிச்சான்னு.

தரை டைல்ஸ் இல்லையா, அதுக்குக் கால் வழுக்கும். வழுக்கினா பயம், பயந்தா உருளும். டாக்டரம்மா தரையில பிடிமானம் இருக்கற மாதிரி ஏதாவது போடச் சொன்னாங்க. தீவனக் கடையில சாக்கு வாங்கி, துவைச்சுக் காய வெச்சு, பின்கட்டுல இருந்து கூடம் வரைக்கும், கூடத்துல இருந்து என் கட்டில் வரைக்கும் விரிச்சேன். நகராம இருக்க ஓரமெல்லாம் ஆணி அடிச்சேன். டைல்ஸ்லதான். ஒரு ரெண்டு டைல்ஸ் விரிஞ்சது, விரிஞ்சா விரிஞ்சுட்டுப் போகுது. அது எங்க நடந்தாலும் பக்கத்துல சாய்ஞ்சுக்க, பழைய தலையணையைச் சுவரோரமா வரிசையா வெச்சேன்.

கொஞ்சம் கொஞ்சமா உருள்றது நின்னுது. ஒரு நாள் சிரிஞ்சைத் தள்ளிவிட்டுட்டு, என் கையில இருந்த வேலிமசாலைத் தானா இழுத்துக் கடிச்சுது. அந்தக் கறுக் கறுக் சத்தம் இருக்கே. நான் அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதுட்டேன். எங்க அம்மா செத்தப்போ கூட நான் அழல.

உடனே ஓசூருக்குப் போன் போட்டேன். அவளோட முயல் தானே, சந்தோஷப்படுவான்னு. அவ வலது காதுல போனை வெச்சுக்கிட்டான்னு தெரிஞ்சதும் ஒண்ணு விடாமச் சொன்னேன். உங்ககிட்ட சொன்னேனே, இதைவிட விவரமா. சொட்டு மருந்தைக் கையில வெச்சுச் சூடு பண்றது, அரைச்சு ஊட்டறது, சாக்கு விரிச்சது, எல்லாம். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சோன்னு மங்கை மங்கைன்னேன். இருக்கேன்னா. அப்புறம் மெல்லச் சொல்றா, எனக்கும் காதுதாங்க வலிச்சுதுன்னு.

பார்த்தீங்களா. நான் முயலைப் பத்திப் பேசினா, இவ தன் கதையை நடுவுல கொண்டுவந்து வைக்கறா. நான் சொன்னேன், இப்ப அதை எதுக்குப் பேசறே, அது முடிஞ்சு போன விஷயம்னு. வெச்சுட்டா.

அதுக்கப்புறம் சுபாதான் பேசினா. அம்மா இனிமே இங்கேயே இருப்பாங்கப்பான்னா. எத்தனை நாளைக்குன்னேன். நாள் கணக்கு இல்லப்பான்னா. நான் என்ன குறை வெச்சேன்? குடிக்கல. கை நீட்டல. சம்பளத்தை முழுசா வீட்ல கொடுத்தவன். அதைத்தான் கேட்டேன். நீங்க அடிக்கலப்பா, அது சரிதான்னா. இதுக்கு என்ன அர்த்தம்னு நானும் யோசிச்சுப் பார்க்கறேன், பிடிபடல.

போன வாரம் ரெண்டு பேரும் வந்தாங்க. மங்கையோட புடவையெல்லாம் எடுத்துக்கணும், முயலையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. மாப்பிள்ளை ஒரு நல்ல கூண்டு வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தாரு. நான் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். வரட்டும். வந்து இதை நான் எப்படி வெச்சிருக்கேன்னு கண்ணால பார்க்கட்டும். பார்த்தா மனசு மாறிடும்னு. வீட்டைப் பெருக்கி, சாக்கெல்லாம் உதறிப் போட்டு, காலையிலேயே சீனியைச் சீப்பால வாரி விட்டேன்.

அவங்க வந்தது பகல்ல. சரியா மருந்து விடற நேரம். நான் வேணும்னே எழுந்திருக்கல. கூடத்துல உட்கார்ந்து, இதைத் துண்டுல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு, குப்பியைக் கையில மூடிப் பிடிச்சிருந்தேன். மங்கை வாசப்படியில செருப்பை விட்டுட்டு உள்ள வந்தா. வந்தவ, தரையைப் பார்த்தா. சாக்கைப் பார்த்தா. அது எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டே பின்கட்டு வரைக்கும் நடந்து போனா. சுவத்தைப் பிடிக்காமலேயே நடந்தா சார், நான் கவனிச்சேன். சாக்கு மேல கால் வெச்சு, மெதுவா. அங்க இருந்து திரும்பி வந்தா. தலையணை வரிசையைப் பார்த்தா. விரிஞ்ச டைல்ஸ் பக்கத்துல கொஞ்சம் நின்னா. அதைப் பத்தி ஏதாவது சொல்லுவாளோன்னு, போனா போகுது டைல்ஸ் தானேன்னு நானே சொல்லிட்டேன்.

அப்புறம் எனக்கு எதிர்ல வந்து உட்கார்ந்தா. நான் சீனிக்கு மருந்து விட்டேன். ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு சொட்டு. காது மடலுக்குக் கீழ விரலால மெதுவா நீவி விட்டேன், மருந்து உள்ள இறங்கணும் இல்லையா. ஒண்ணுமில்ல கண்ணு, ஆச்சு, ஆச்சுன்னேன். அது கண்ணை மூடிக்கிட்டு என் கைக்கு நடுவுல அடங்கி இருந்துச்சு. எங்க வீட்ல வேற யாருகிட்டயும் அது அப்படி இருக்காது இப்போ. மங்கைகிட்ட கூட இருக்காதுன்னு நினைக்கறேன்.

நிமிர்ந்து பார்த்தா, இவ கண்ணுல தண்ணி ஓடுது. சத்தமில்லாம. முகத்தைத் துடைக்கக்கூட இல்ல. சுபா அம்மான்னு தோள்ல கை வெச்சா, அந்தக் கையை எடுத்து விட்டுட்டா.

இவ்வளவு பொறுமை உங்ககிட்ட இருந்துச்சாங்கன்னு கேட்டா.

எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவ என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னது அதுதான். ஆமா, நீ என்ன நினைச்சேன்னேன். எதுக்கு அழுதான்னுதான் புரியல. சந்தோஷத்துல இருக்கும்னு நினைச்சேன். சரி, மனசு இளகிடுச்சு, காபி போடப் போவா, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்னு கேப்பான்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், அவ எழுந்து நேரா பீரோகிட்ட போயிட்டா.

புடவையெல்லாம் மடிச்சுப் பையில வெச்சாங்க. அந்தக் கூண்டு வாசல்ல அப்படியே இருக்கு. சுபா அதை எடுத்துக்கிட்டு உள்ள வந்து, சீனியைப் பிடிக்கட்டுமாம்மான்னா. கொடுக்கக்கூடாதுன்னு துண்டோட சேர்த்து இறுக்கிக்கிட்டேன். மங்கை வேண்டாம்னுட்டா. அது இங்கேயே இருக்கட்டும், இவர் அதை நல்லா பார்த்துக்குவாருன்னா. என்கிட்ட சொல்லல, சுபாகிட்ட சொன்னா. அப்புறம் குனிஞ்சு, இதோட நெத்தியில ஒரு விரலை வெச்சா. அவ்வளவுதான். படியிறங்கிப் போயிட்டா. கார் வரைக்கும் நான் போகல. மடியில இது இருந்துச்சே, எப்படி எழுந்திருக்க முடியும்?

நல்லா பார்த்துக்குவாருன்னு அவ வாயாலயே சொன்னா சார். அப்ப அவளுக்கும் தெரிஞ்சிருக்கு, நான் எப்படிப்பட்டவன்னு. தெரிஞ்சும் போறான்னா, அதுக்கு என்ன பேரு? சுபாவுக்குப் போன் போட்டு இதைத்தான் கேட்டேன். அப்பதான் என்னைக் கல்நெஞ்சுன்னா. அம்மாகிட்ட கொடு, நானே கேக்கறேன்னேன். அம்மாவுக்குக் கேக்கல போலப்பான்னா. வலது காது நல்லாத்தானே இருக்குன்னேன். ஆமாப்பா, நல்லா இருக்கு, உங்க குரல் மட்டும்தான் கேக்கலயாம்னு சொல்லி வெச்சுட்டா. இப்படியும் ஒரு நோய் உண்டா? நீங்க எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

முதல்ல உட்கார்ந்ததுல இருந்து நான்தான் பேசறேன். உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க? இல்ல, இருங்க, டாக்டரம்மா ஜீப் வந்துடுச்சு. நம்மளத்தான் முதல்ல கூப்பிடுவாங்க, நான் காலையிலேயே வந்தவன்.

அட, அந்தக் கம்பவுண்டர் என்ன சொல்றாரு? கூட ஒரு ஆளா? இன்னைக்குக் காதுக்குள்ள ஆழமா குழாய் விட்டுப் பார்க்கணுமாம், ஒருத்தர் உடம்பைப் பிடிக்கணும், ஒருத்தர் தலையைப் பிடிக்கணுமாம். ஏன்யா, நான் ஒருத்தனே பிடிச்சுக்குவேன்யா, இத்தனை நாளும் நான் ஒருத்தன்தானே. முடியாதாம். வீட்ல இருந்து யாரையாவது கூட்டிக்கிட்டு வந்திருக்கணுமாம். வீட்ல இருந்து.

சார், உங்களுக்கு மருந்து வாங்கற வேலை தானே. கொஞ்சம் உள்ள வர்றீங்களா? ரொம்ப நேரம் ஆகாது. பிடிச்சுக்க வேற ஆள் இல்ல.